மீனுக்கு உடம்பு சரியில்லை: முதல் நாளிலிருந்து கடைசி முடிவு வரை

மீன் ஒரு மூலையில் போய் ஒதுங்கி நின்றால் நம்மில் பலரும் உடனே மீன் கடைக்கு ஓடி, நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு மருந்து பாட்டிலை வாங்கி வந்து ஊற்றிவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். சென்னை கொளத்தூரில் வாங்கி நாலு வருஷம் வளர்த்த ஆரண்டா கோல்டு ஃபிஷ் அது. அந்த மீனை வைத்து நான் கற்றுக்கொண்டதை, செய்த தப்புகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

படி 1: மருந்தைத் தொடாமல் தண்ணீரைப் பாருங்கள்

டேங்க் மீனுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகிறது. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த ஸ்பாஞ்சை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வைத்து, தண்ணீர் தெளிவாகும் வரை பிழிந்து அலசினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், பாக்டீரியா போய்விட்டது. நாலாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

துளி போட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இருக்க வேண்டும். எனக்கு அம்மோனியா 1 காட்டியது. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) அதிகமாக இருந்தாலும் சூடு அதிகமாக இருந்தாலும் அதே அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும். போர் தண்ணீரில் பிஎச் அதிகமாக இருக்கலாம், அதை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

எண் சரியில்லையா? மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உடனே மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் ஆண்டி குளோரின் கலந்து, சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். எண் பூஜ்யத்துக்கு வரும் வரை தினமும் இதையே செய்யுங்கள். இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. இனிமேல் ஸ்பாஞ்சை டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

படி 2: தனி டப்பா

தண்ணீர் சரியான பிறகும் மீன் சோர்ந்திருந்தால் அதைத் தனியாக மாற்றணும். 20 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மேலே மூட ஏதாவது ஒன்று. கல், மணல், செடி எதுவும் வேண்டாம். வெள்ளை டப் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன். கோல்டு ஃபிஷ் மாதிரி பெரிய மீன் என்றால் இதிலும் தினமும் பாதித் தண்ணீரை மாற்றணும்.

படி 3: என்ன நோய்?

உடம்பில் சர்க்கரை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது ஒட்டுண்ணி. புள்ளியாக மீன்மேல் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து, பலவாகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். இந்த நோய்க்கு டேங்க் முழுவதற்கும் வைத்தியம் பார்க்கணும். சூட்டை மெல்ல மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுற்று சீக்கிரம் முடியும். சென்னையில் மே மாதம் என்றால் ஹீட்டரே வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். மெத்திலீன் ப்ளூ போடலாம், ஆனால் தனி டப்பில் மட்டும். மெயின் டேங்கில் போட்டால் நல்ல பாக்டீரியாவும் சாகும், சிலிக்கான் ஒட்டும் நீலமாகிவிடும். (என் டேங்கின் ஓரம் இன்றைக்கும் நீலம்தான்.) வால் ஓரம் கிழிந்து அரித்திருந்தால் பாதி வைத்தியம் சுத்தமான தண்ணீர். கோல்டு ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் மூன்று நாள் பட்டினி போட்டு, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைக் கொடுங்கள். மலச்சிக்கலாக இருந்தால் சரியாகிவிடும்.

மெடிக்கல் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துக் கொட்டும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கடினத்தன்மை அதிகமான தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும்; மீனுக்குப் போவது கொஞ்சம்தான். காசுக்குக் கேடு.

படி 4: கல்லுப்பு

எது என்றே தெரியவில்லை என்றால் நான் முதலில் எடுப்பது கல்லுப்பு. லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, இரண்டு நாளில் 3 கிராம் வரை போகலாம். தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். டேங்கின் அளவு தெரியாவிட்டால் நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60க்கு 30க்கு 30 என்றால் 54. தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்பு போடாதீர்கள். லோச், கோரிடோராஸ் மாதிரி டேங்கின் அடியில் மேயும் மீன் வகைகளுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. எந்த மருந்து போட்டாலும் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

படி 5: எழுதி வையுங்கள்

என் மீனுக்கு அம்மோனியா இறங்கியது, அப்புறம் வயிறு வீங்கியது. பக்கவாட்டில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை டப்பில் விட்டு மேலிருந்து குனிந்து பார்த்தபோதுதான் செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு, உரிக்காத அன்னாசிப்பழம் மாதிரி நின்றது தெரிந்தது. உள்ளே நீர் கோர்த்துவிட்டது, பெரும்பாலும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. இந்த நிலையிலிருந்து மீண்டு வரும் மீன்கள் குறைவு.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தினமும் மூன்று விஷயம் எழுதினேன். தின்றதா? நேராக நிற்கிறதா? டப் பக்கத்தில் போனால் திரும்புகிறதா? இப்படி எழுதாவிட்டால் நம் மனசு நம்மை ஏமாற்றும். ஒரு நாள் வாலை ஆட்டினால் போதும், தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆறாம் தாளிலிருந்து மூன்றுக்கும் "இல்லை". ஒன்பதாம் நாள் அம்மா டப்பைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாளைக்குடா இதை இப்படியே வெச்சிருக்கப் போற?" என்றார்.

என் கணக்கு இது: சரியான வைத்தியம் ஒரு வாரம் நடந்த பிறகும் தொடர்ந்து மூன்று நாள் மூன்றுக்கும் "இல்லை" வந்தால் இனி இழுப்பது மீனுக்காக இல்லை. தின்கிற மீனுக்கு, சாய்ந்து நீந்தினாலும், இன்னும் நேரம் கொடுங்கள். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் இருந்தால் முடிவுக்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 6: வலியில்லாமல் விடுவிப்பது

கருணைக்கொலை என்ற வார்த்தை ஒரு மீனுக்குப் பெரிதாகத் தெரியலாம். ஆனால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும், உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும், தரையில் போட்டுத் துடிக்க விடுவதும் கருணையில் சேராது.

வீட்டில் செய்யக்கூடியது கிராம்பு எண்ணெய். அதில் இருக்கும் யூஜினால் மீனை மயக்கும். அளவு கூடினால் மூச்சை நிறுத்தும். கலப்படம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே ஒரு 1 மில்லி ஊசிக்குழாயும் வேண்டும்.

மீன் இருக்கும் தண்ணீரிலேயே 3 லிட்டரை ஒரு பாத்திரத்தில் எடுத்து மீனை விடுங்கள். எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரையாது. சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து 0.3 மில்லி எண்ணெய் விட்டு, பால் மாதிரி ஆகும் வரை குலுக்கி, ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். சில நிமிடங்களில் மீன் சாயும். வாலைத் தொட்டாலும் அசையாத நிலைக்கு வந்த பிறகு 1.5 மில்லியை அதேபோல் குலுக்கி ஊற்றுங்கள். முதலிலேயே மொத்தத்தையும் ஊற்றினால் மீன் மிரண்டு துள்ளும்.

செவுள் அசைவது நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் வைக்கணும். கோல்டு ஃபிஷ் ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் சாதி என்பதால் நான் ஒரு மணி நேரம் விட்டேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாசம் தூக்கும்.

இறந்த மீனை ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள், நோய் அங்கேயும் போகும். நான் மாடியில் செம்பருத்தித் தொட்டியில் ஆழமாகப் புதைத்தேன். வலையையும் டப்பையும் ஏர் குழாயையும் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டேன். அன்று சாயங்காலமே மெயின் டேங்கில் மிச்சமிருந்த இரண்டு மீன்களுக்காக அம்மோனியா பார்த்தேன். பூஜ்யம்.