விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான இசைச் சிகிச்சை: இலக்கு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிப்பதென்றால் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் தரம் தரமாக ஏறுவதுதான் பலருக்கு நினைவு வரும். அந்தப் பழக்கம் சிகிச்சை அறைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. “மூன்று மாதத்தில் இரண்டு சரளிவரிசை பாடுவான்” என்று இலக்கு எழுதுகிறார்கள். அது இசை வகுப்புக்குரிய இலக்கு. சிகிச்சையின் இலக்கு பிள்ளையின் அன்றாடத்தில் இருக்க வேண்டும்: தண்ணீர் கேட்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, கரண்டியைப் பிடிப்பது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தோள் உயரத்தில் ஒரு சிறிய மேளத்தைப் பிடித்து அடிக்க வைக்கிறோம் என்றால், பார்க்க வேண்டியது தாளம் பிசகுகிறதா என்பதை அல்ல. சேட் போடும்போது அந்தக் கை தானாக உயர்கிறதா என்பதை.

அடுத்தது, அளக்க முடியாத இலக்கு. “கவனம் கூடும்”, “நன்றாகப் பழகுவாள்” என்பவற்றை இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கிக்கொள்வார்கள். எந்தச் சூழலில், என்ன செயல், எவ்வளவு உதவியோடு, எத்தனை தடவை என்பது எழுத்தில் வர வேண்டும். உதாரணமாக: “பழகிய பாட்டைக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினால், எவரும் தூண்டாமல், 10 விநாடிக்குள் குரலாலோ கையாலோ ‘இன்னும்’ என்று காட்டுவாள், 5 தடவையில் 4 தடவை, தொடர்ந்து 3 அமர்வுகளில்.” இதில் 10 விநாடி முக்கியம். பெரியவர்கள் அநேகமாக இரண்டு மூன்று விநாடியிலேயே பொறுமையிழந்து தாங்களே பாடி முடித்துவிடுவார்கள். பதில் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அந்த வாய்ப்புப் போய்விடும்.

தொடக்கநிலையைப் பதியாமல் இலக்கு வைப்பதும் வீண். முதல் 2 அல்லது 3 அமர்வுகளில் அவதானிப்பது மட்டும் போதும். இப்போது 5 தடவையில் 3 தடவை செய்யும் பிள்ளையும், ஒரு தடவைகூடச் செய்யாத பிள்ளையும் ஒரே இலக்கோடு தொடங்க முடியாது. கிடைத்த உதவியையும் குறியுங்கள்: கைபிடித்துச் செய்தது, சைகை காட்டியதும் செய்தது, சொன்னதும் செய்தது, தானாகச் செய்தது. எண்ணிக்கை ஏறாமல், தேவைப்படும் உதவி மட்டும் குறைந்துகொண்டு வரும் கிழமைகள் உண்டு. அதுவும் முன்னேற்றமே. பதியாவிட்டால் அது எவர் கண்ணிலும் படாது.

எங்களை மிகவும் வருத்துவது, பெரியவர்களின் வசதிக்காக வைக்கப்படும் இலக்குகள். “காதைப் பொத்தக் கூடாது”, “கையை உதறக் கூடாது”, “கண்ணைப் பார்க்க வேண்டும்” என்கிறார்கள். திருவிழாவில் தவிலும் நாதஸ்வரமும் கிட்ட வரும்போது ஓட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்துவது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அதைப் பறிக்காமல், “சத்தம் கூடினால் காதுக் கவசத்தை எடுத்துப் போடுவான், அல்லது ‘வெளியே போவோம்’ படத்தைக் காட்டுவான்” என்று எழுதுங்கள். அந்தத் திறன் அவனுக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

பாட்டோடு செய்வதைப் பாட்டில்லாமல் செய்யாத பிள்ளைகள் பலர். கை கழுவும் பாட்டைச் சொல்லிக்கொடுத்தால், அதை விலக்கும் திட்டமும் முதல் நாளே வேண்டும்: முழுப் பாட்டு, பிறகு மெட்டை முணுமுணுப்பது, பிறகு இரண்டு தட்டு, பிறகு ஒன்றுமில்லை. வீட்டில் அம்மம்மாவோடும், முன்பள்ளியில் ரீச்சரோடும் அதைச் செய்யும்வரை இலக்கு எட்டப்பட்டதாக எழுத வேண்டாம்.

அரை மணித்தியால அமர்வுக்கு இரண்டு இலக்குப் போதும். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் எது அதைத் தூண்டுகிறது என்று பெற்றோரிடம் முதலே கேளுங்கள். அரிதாகச் சிலருக்கு இசையே தூண்டும். 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை பதிவைப் புரட்டிப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் உடனே இலக்கைக் குறைக்காமல், முதலில் வாத்தியத்தையும், பிள்ளை இருக்கும் விதத்தையும், காத்திருக்கும் நேரத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.