ரிகர்ஷன் எரர் வந்தால் லிமிட்டை ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பைத்தானில் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவது (ரிகர்ஷன்) அனுமதித்த ஆழத்தை, அதாவது லிமிட்டை, தாண்டினால் ரிகர்ஷன் எரர் வரும். அது வந்ததும் பலரும் முதலில் செய்வது, சிஸ் மாட்யூலில் இருக்கும், அந்த லிமிட்டை மாற்றும் செட்ரிகர்ஷன்லிமிட் வரியை ஃபைலின் தலையில் ஒட்டிவிட்டு எண்ணை 10,000, 1,00,000 என்று ஏற்றிக்கொண்டே போவதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த எரர் இரண்டு காரணங்களில் ஒன்றால் வருகிறது: ஃபங்ஷன் நிற்கவே வழியில்லாமல் ஓடுகிறது, அல்லது நிற்கும், ஆனால் டேட்டா நிஜமாகவே அவ்வளவு ஆழம். முதல் வகைக்கு லிமிட்டை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, எரர் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

எந்த வகை என்று கண்டுபிடிக்க டிரேஸ்பேக்கை, அதாவது எரரோடு பைத்தான் காட்டும் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். வழக்கமாக லிமிட் 1000, அதனால் கிட்டத்தட்ட அத்தனை ஃப்ரேம்கள் (ஒவ்வொரு கூப்பிடலுக்கும் ஒரு பதிவு) இருக்கும், ஆனால் பைத்தான் 3.6 முதல் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் முந்தைய வரி இத்தனை முறை வந்தது என்று சுருக்கிக் காட்டிவிடுகிறது. அந்தச் சுருக்கத்துக்கு மேலே இருக்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கிறது, அதாவது யார் முதலில் கூப்பிட்டார்கள், என்ன கொடுத்தார்கள். அப்புறம் ஃபங்ஷனின் முதல் வரியில் ஆர்க்யூமெண்டை பிரிண்ட் செய்து பாருங்கள். உதாரணமாக, எண்ணை இரண்டிரண்டாகக் குறைத்து பூஜ்ஜியத்துக்குச் சமமானால் நில் என்று எழுதியிருக்கிறீர்கள். 6 கொடுத்தால் 4, 2, 0 என்று நின்றுவிடும், 5 கொடுத்தால் 3, 1, -1, -3 என்று பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பேஸ் கேஸ் (நிற்கும் நிபந்தனை) இருக்கிறதே என்று கோடைப் பார்த்தால் தோன்றும், பிரிண்டைப் பார்த்தால்தான் அதைத் தொடவே இல்லை என்பது தெரியும். சமமா என்பதற்குப் பதிலாகச் சமமோ குறைவோ என்று கேட்டால் சரியாகிவிடும்.

ரிகர்ஷனே எழுதவில்லையே, பிறகு எப்படி வந்தது என்று குழம்புகிறவர்கள் கிளாஸ்களைப் பாருங்கள். நேம் என்ற பிராப்பர்ட்டிக்கு மதிப்பு வைக்கும்போது ஓடும் செட்டருக்குள்ளேயே செல்ஃப்.நேம் என்று மதிப்பு வைத்தால் அது மறுபடியும் அதே செட்டரைக் கூப்பிடும். உள்ளே வைக்கும் பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு போட்டால் தீர்ந்தது. டண்டர் கெட்ஆட்டர், அதாவது கேட்ட ஆட்ரிபியூட் கிடைக்காதபோது பைத்தான் கூப்பிடும் மெத்தட், இன்னும் நுணுக்கமானது. அதற்குள் செல்ஃபின் ஏதோ ஒரு ஆட்ரிபியூட்டைத் தொடுகிறீர்கள், அது இனிட்டில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது வழக்கமாக ஓடும் மெத்தட்) உருவாகிறது, சாதாரணமாக எல்லாம் ஓடும், ஆனால் காப்பி மாட்யூலோ, ஆப்ஜெக்டைச் சேமித்து மீட்கும் பிக்கிளோ இனிட்டைக் கூப்பிடாமலே ஆப்ஜெக்டை உருவாக்கும்போது அந்த ஆட்ரிபியூட் இருக்காது, உடனே கெட்ஆட்டர் தன்னையே கூப்பிட ஆரம்பித்துவிடும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களுக்கு அங்கே நேரடியாக ஆட்ரிபியூட் எரர் ரெய்ஸ் செய்துவிடுங்கள்.

டேட்டாவிலேயே வட்டம் இருந்தாலும் இதே கதைதான். அப்பா நோடு பிள்ளையைக் காட்ட, பிள்ளை அப்பாவைக் காட்ட, சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது போய்க்கொண்டிருக்கும் பாதையில் உள்ள நோடுகளை ஒரு செட்டில் வைத்து, ஏற்கெனவே இருக்கும் நோடு மறுபடி வந்தால் வேல்யூ எரர் ரெய்ஸ் செய்யுங்கள், எந்த நோடு என்பதை மெசேஜிலேயே எழுதுங்கள். நோடை விட்டு வெளியேறும்போது செட்டிலிருந்து எடுப்பதை ஃபைனலியில் வையுங்கள். இல்லையென்றால் நடுவில் வேறு எக்ஸெப்ஷன் வந்தபின் அதே செட்டை மறுபடி பயன்படுத்தும்போது இல்லாத வட்டத்தை இருப்பதாகச் சொல்லும்.

இனி டிரை, எக்ஸெப்ட். ரிகர்ஷன் எரரைப் பிடிப்பது தப்பில்லை, எங்கே பிடிக்கிறோம் என்பதுதான் முக்கியம். ரிகர்ஸ் ஆகும் ஃபங்ஷனுக்குள்ளேயே டிரை போட்டால் எரர் எழுந்த அடிமட்டத்திலேயே எக்ஸெப்ட் ஓடும், அங்கே ஸ்டாக்கில் (இன்னும் முடியாத கூப்பிடல்களின் அடுக்கு) இடமே இருக்காது, நீங்கள் லாக் எழுதப் போனால் அந்த லாக் ஃபங்ஷனே இன்னொரு ரிகர்ஷன் எரரைக் கிளப்பும். அதனால் முதன்முதலில் கூப்பிடும் இடத்தில், வெளியே போடுங்கள். அங்கே வந்து சேரும்போது ஸ்டாக் காலியாகியிருக்கும். பிடித்ததை உங்கள் புரோகிராமுக்குப் புரியும் எக்ஸெப்ஷனாக மாற்றி, ரெய்ஸ் ஃப்ரம் போட்டு மூல எரரையும் கூடவே அனுப்புங்கள்.

ரிகர்ஷன் எரர் 3.5-இல் வந்தது, ரன்டைம் எரரின் வாரிசு, ஆகவே பொதுவாக எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன் என்று எழுதி உள்ளே பாஸ் போட்டிருக்கும் கோடு இதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அப்படி எழுதவே எழுதாதீர்கள். ஜாவாவில் நிலைமை வேறு: ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர் என்பது எக்ஸெப்ஷன் வகையே அல்ல, எரர் வகை, கேட்ச் எக்ஸெப்ஷன் அதைப் பிடிக்காது.

சரி, ஃபங்ஷன் சரியாகத்தான் இருக்கிறது, டேட்டாதான் ஆழம் என்றால்? லிஸ்ட் ஒன்றை ஸ்டாக்காக வைத்து வைல் லூப்பாக மாற்றுங்கள். பாப் செய், வேலையை முடி, பிள்ளைகளை அப்பெண்ட் செய். பழைய வரிசையே வேண்டுமென்றால் பிள்ளைகளைத் தலைகீழாகத் தள்ள வேண்டும். பிள்ளைகள் முடிந்தபின் அப்பாவுக்கு வேலை இருந்தால், அப்பாவை ‘முடிக்க வேண்டியது’ என்ற குறியோடு முதலில் தள்ளிவிட்டு, அதன்மேல் பிள்ளைகளைத் தள்ளுங்கள். டெயில் ரிகர்ஷனாக (தன்னைக் கூப்பிடுவதே கடைசி வேலையாக) எழுதினால் பைத்தான் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம், டிரேஸ்பேக் கெட்டுவிடும் என்பதை ஒரு காரணமாகச் சொல்லி பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2009-இலேயே அதை மறுத்துவிட்டார். ஏற்கெனவே கண்ட விடைகளை நினைவில் வைக்கும் எல்ஆர்யூ கேஷ் நேரத்தைக் குறைக்கும், ஆழத்தைக் குறைக்காது. கேஷ் காலியாக இருக்கும்போது ஃபிபோனாச்சி 5000 கேட்டால் அதே எரர்தான்.

இவ்வளவுக்கும் பிறகு லிமிட்டை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் ஆழம் எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். 3.11-க்கு முந்தைய பைத்தானில் ஒவ்வொரு கூப்பிடலும் சி ஸ்டாக்கையும் (பைத்தானை ஓட்டும் சி புரோகிராமின் ஸ்டாக்) தின்னும், லினக்ஸில் அது வழக்கமாக 8 எம்பி, அது தீர்ந்தால் செக்மென்டேஷன் ஃபால்ட். எந்த டிரையாலும் அதைப் பிடிக்க முடியாது, புரோகிராம் அங்கேயே செத்துவிடும். அந்த வெர்ஷன்களில் த்ரெடிங் மாட்யூலின் ஸ்டாக்சைஸை முதலில் பெரிதாக வைத்துவிட்டு, அதன்பிறகு உருவாக்கும் புது த்ரெட்டில் அந்த ஃபங்ஷனை ஓட்டுங்கள்.