அழைப்பை மாற்றும் முன் விளக்கைப் பாருங்கள்

மேசைத் தொலைபேசியில் வந்த அழைப்பைச் சக ஊழியருக்கு மாற்றும் முன், அவர் பெயர் உள்ள பட்டனின் விளக்கைப் பாருங்கள். யீலிங்க் போன்ற ஐபி (இணைய வழி) தொலைபேசிகளில் பொதுவாகப் பச்சை எரிந்தால் லைன் காலி. சிவப்பு நின்று எரிந்தால் பேசிக்கொண்டிருக்கிறார். சிவப்பு மின்னினால் அங்கே மணி அடிக்கிறது. சிவப்பு என்றால் மாற்றவே வேண்டாம், வாடிக்கையாளரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு இசையில் ஒருவரைத் தொங்கவிடுவதைவிட அது எவ்வளவோ மரியாதை.

ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனின் (அலுவலக உள் எண்ணின்) நிலை மாறும்போதும் அலுவலகத் தொலைபேசி சர்வர் உங்கள் தொலைபேசிக்குத் தகவல் அனுப்புகிறது. அதனால்தான் டயல் செய்யாமலே தெரிந்துவிடுகிறது. இந்த வசதிக்கு பிஎல்எஃப் (பிஸி லேம்ப் ஃபீல்ட்) என்று பெயர். பட்டன் வெறுமையாக இருந்தால் ஐடி பிரிவில் இந்தப் பெயரைச் சொல்லி, நீங்கள் அடிக்கடி மாற்றிவிடும் நான்கைந்து பேரை மட்டும் போடச் சொல்லுங்கள். எல்லாரையும் போட்டால் தேடவே நேரம் போகும்.

விளக்கு சொல்வது லைனைப் பற்றி மட்டும்தான், ஆளைப் பற்றி அல்ல. கோலாலம்பூர் அலுவலகங்களில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பலர் வெளியே சென்றிருப்பார்கள். பட்டனோ பச்சையாகவே இருக்கும். கைப்பேசியில் பேசுகிறவருக்கும் அப்படித்தான். அந்த நேரங்களில் டிரான்ஸ்ஃபரை அழுத்தி, சக ஊழியர் எடுத்துப் பேசிய பிறகே அழைப்பை அவரிடம் விடுங்கள். பழைய அனலாக் தொலைபேசிகளில் பொதுவாக இந்த விளக்குகள் இருக்காது; வேறு நிறுவனத் தொலைபேசிகளில் நிறங்கள் மாறலாம்.