பழைய பேஸ்பால் கார்டு பாக்கெட்டில் ஃபேன்டசி டீம்: எங்கே சொதப்புகிறார்கள்?

1980களின் கடைசியில் அமெரிக்காவில் பேஸ்பால் கார்டுகளை அச்சடித்துத் தள்ளினார்கள். அதனால்தான் பிரிக்காத பாக்கெட்டுகள் இன்றைக்கும் பெரிய விலையில்லாமல் கிடைக்கின்றன. டாப்ஸ் கம்பெனியின் 1987 பெட்டி ஒன்றில் 36 பாக்கெட், பாக்கெட்டுக்கு 17 கார்டு. நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கு மூன்று பாக்கெட் பிரித்து, வந்த ஆட்களை வைத்து ஃபேன்டசி டீம், அதாவது கற்பனை டீம் கட்டி, அவர்கள் நிஜத்தில் ஒரு சீசனில் எடுத்த எண்களை வைத்து மோதவிட்டால் ராத்திரி போவதே தெரியாது. ஆட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எந்த வருஷத்துக் கணக்கு என்று பேசி முடிக்காமலே பாக்கெட்டைக் கிழித்துவிடுவார்கள்.

டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்தவர்களுக்கு, கார்டில் இருக்கும் எண்தானே கணக்கு என்று தோன்றும். ஆனால் 1987 கார்டின் பின்பக்கம் இருப்பது 1986 வரைக்குமான கணக்கு. இரண்டு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. வேட் பாக்ஸ் 1986ல் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 8, 1987ல் 24. மார்க் மெக்வயர் 1986ல் ஆடியதே 18 மேட்ச், அடித்தது 3. அடுத்த வருஷம் 49. ஆண்ட்ரே டாசன் கார்டில் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் ஆட்டக்காரராக இருப்பார். அந்த சீசனில் அவர் ஆடியதோ சிகாகோ கப்ஸுக்கு. 20ஆக இருந்த ஹோம் ரன் 49 ஆகி, நேஷனல் லீகின் எம்விபி விருதும் (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கானது) வாங்கினார். ஒருவர் 86ஐயும் இன்னொருவர் 87ஐயும் மனதில் வைத்து ஆள் எடுத்தால் கடைசியில் வாய்ச்சண்டைதான்.

என் ஓட்டு, பாக்கெட் கடைக்கு வந்த சீசனுக்கு. பின்பக்க எண்ணை எடுத்துக்கொண்டால், பிரித்த அந்த நிமிஷமே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும், அப்புறம் என்ன சுவாரசியம்? அந்த சீசன் கணக்கு முழுக்க பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. டீமை முடிவு செய்யும் வரை ஃபோனை யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு குழி உண்டு. பெரிய நட்சத்திரங்களான டாம் சீவருக்கும் பீட் ரோஸுக்கும் 1987 டாப்ஸில் கார்டு இருக்கிறது, ஆனால் இருவருமே அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. சீவர் வந்ததும் கைதட்டி டீமில் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். அப்படிப்பட்ட ஆளுக்கு மாற்று உண்டா இல்லையா என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். மாற்று கிடையாது என்று வைத்தால்தான் எனக்குப் பிடிக்கும். பெயரைப் பார்த்து மயங்குகிறவருக்கு அது வேண்டும்.

பெயர் மயக்கம் இளம் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் இன்னும் மோசம். டான்ரஸ் என்ற இன்னொரு கம்பெனியின் 1987 பாக்கெட்டில் கிரெக் மேடக்ஸ் வந்தால், பின்னாளில் வரிசையாக நாலு சை யங் விருது (சிறந்த பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, தருவது) வாங்கியவராயிற்றே என்று முதல் ஆளாகத் தூக்குவார்கள். அந்த வருஷம் அவர் 6 ஜெயித்து 14 தோற்றார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி, குறைந்தால்தான் நல்லது) 5.61. 1988 பாக்கெட்டில் டாம் கிளாவினும் அதே கதை: 7 வெற்றி, 17 தோல்வி. பெயர் அவ்வளவாகப் பரவாத ஜார்ஜ் பெல், 1987ல் 47 ஹோம் ரன்னும் 134 ஆர்பிஐயும் (அவர் அடித்ததால் டீமுக்கு வந்த ரன்) எடுத்து அமெரிக்கன் லீகின் எம்விபி ஆனார்.

அடுத்தது மதிப்பெண். எல்லா எண்ணையும் மொத்தமாகக் கூட்டுவது வீண்வேலை. டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980ல் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிஸரி முறைதான் இதற்குச் சரி: பேட்டிங்கில் நாலு பிரிவு, பிட்சிங்கில் நாலு பிரிவு; நாலு டீம் என்றால் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 4, கடைசிக்கு 1. இங்கே வின்ஸ் கோல்மன் ஒருவர் இருந்தால் போதும், 1987ல் 109 பேஸ் திருடியவர் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), அந்தப் பிரிவு கிட்டத்தட்ட உங்களுடையது. இரண்டாவதாக ஒரு திருடன் தேவையில்லை, அவரைக் கொடுத்து சேவ் எடுக்கும் (ஜெயிக்கிற ஆட்டத்தைக் கடைசியில் காப்பாற்றும்) பிட்சர் ஒருவரை வாங்குங்கள். பிட்சர்களுக்குக் குறைந்தபட்ச இன்னிங்ஸ் வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பத்து இன்னிங்ஸ் மட்டும் வீசியவரின் ஈஆர்ஏவைக் காட்டி யாராவது கோப்பையைக் கேட்பார்கள்.

மூன்று பாக்கெட்டில் 51 கார்டு என்றாலும் அத்தனையும் ஆட்டக்காரர் அல்ல. மேனேஜர், செக்லிஸ்ட் (கார்டுகளின் பட்டியல்), ஏற்கெனவே வந்தவரே ஆல்-ஸ்டார் கார்டில் மறுபடி என்று சில கழிந்துபோகும். கேட்சரே (விக்கெட் கீப்பர் மாதிரி ஆள்) வராத துரதிர்ஷ்டசாலியும் இருப்பார். பெட்டியில் மீதி 24 பாக்கெட் இருக்கிறதே, அதில் ஒன்றிரண்டைப் பிரித்துப் பொதுக் குவியலாக மேசை நடுவில் வைத்தால் சமாளிக்கலாம்.

பணம் பொதுவில் போட்டிருந்தால், பின்னாளில் பெரிய நட்சத்திரமான பாரி பாண்ட்ஸின் ரூக்கி கார்டு (அறிமுகக் காலத்துக் கார்டு) யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீமில் ஆளை மாற்றிக்கொள்வது வேறு, கார்டைக் கொடுப்பது வேறு. பாக்கெட்டை வாங்கும்போதும் கவனம் தேவை: மெழுகுத்தாள் பாக்கெட்டைப் பிரித்து, நல்ல கார்டை உருவிவிட்டு, சூடுகாட்டி மறுபடி ஒட்டுகிறவர்கள் உண்டு. 1989ல் அப்பர் டெக் கம்பெனியின் கார்டுகள் ஃபாயில் உறையோடு வந்ததே இந்தத் தில்லுமுல்லுக்குப் பயந்துதான். டாப்ஸ் பாக்கெட்டில் 1991 வரை சூயிங்கம் இருக்கும். பந்தயம் கட்டினாலும் அதை வாயில் போடாதீர்கள்.