கார் சார்ஜிங் வோல்டேஜ் குறைவா? ஆல்டர்னேட்டரைக் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கழற்றும் முன்

பேட்டரியை ராத்திரி முழுக்க சும்மா விட்டு, காலையில் மல்டிமீட்டர் வையுங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் வெளிச் சார்ஜரில் ஏற்றிவிடுங்கள்.

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து ஹெட்லைட், ஏசி புளோவரைப் போடுங்கள். பேட்டரியில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். (புதிய கார்கள் சிலவற்றில் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவே வோல்டேஜைக் குறைக்கும், அதனால்தான் லோடு போட்டுப் பார்க்கச் சொல்வது.)

குறைந்தால் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். பளபளத்தாலோ தொளதொளத்தாலோ வழுக்கும்.

அடுத்ததைத்தான் பலர் செய்வதில்லை. லோடு ஓடும்போதே, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் போல்ட்டிலும் (பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் இடம்) கறுப்பை பேட்டரி பாசிட்டிவின் ஈயக் குமிழிலும் வையுங்கள்; கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கு அடியில் உள்ள துரு தப்பிவிடும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு ஒயரில். பேட்டரி நெகட்டிவுக்கும் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நடுவே 0.2-ஐத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பச்சைப் பூப்பைச் சுரண்டி இறுக்குங்கள்.

இரண்டும் சரி, பி பிளஸ்ஸிலேயே 13.5 வோல்ட் வரவில்லையா? சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால், பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடும் சிறு ஒயர் (எக்ஸைட்டர் ஒயர்) அறுந்திருக்கும். எரிந்தால் ஆல்டர்னேட்டருக்குள் உள்ள கார்பன் பிரஷ்ஷிலோ, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலோ கோளாறு இருக்கலாம். மீட்டரை ஏசி வோல்ட் (மாறுதிசை மின்சாரம்) அளவுக்கு மாற்றி 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால், அதை டிசியாக மாற்றும் டையோடு போயிருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பது வேண்டவே வேண்டாம், இசியூ போய்விடலாம்.