கடற்கரை வீட்டில் ஹாம் ஆன்டெனா: உப்பிலிருந்து காப்பாற்றும் வழி

நீரோடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாசலிலிருந்து கடல் 400 அடி கூட இருக்காது. இந்தப் பக்கம் கொல்லங்கோடு, அந்தப் பக்கம் கேரளத்துப் பொழியூர். ஜன்னல் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும், அப்படி ஒரு காற்று. இங்கே மாஸ்ட்டாக, அதாவது ஆன்டெனாவைத் தாங்கும் கம்பமாக, 9 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் நட்டு, உச்சியில் 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகா ஹெர்ட்ஸ் பக்கம்) ஒரு வெர்டிகல், அதாவது நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா, அதற்குக் கீழிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும், 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகா ஹெர்ட்ஸ்) டைபோல் என்கிற கம்பி ஆன்டெனா வைத்திருக்கிறேன். ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கி முதல் ஆன்டெனா போட்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்தன, பல நாள் கரண்ட் இல்லை, கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் கிடைக்காமல் கரையில் ஜனங்கள் தவித்தார்கள். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவும் அமெச்சூர் ரேடியோ வழியாகத்தான் அந்தமான் செய்திகளை வெளியே அனுப்பினார்கள். அப்படி ஒரு நாளுக்குத்தான் இந்த ஆன்டெனா. ‘புயலைத் தாங்குமா?’ என்று கேட்கிறார்கள். அதற்கு முந்தைய ஆறு மாத உப்பைத் தாங்கியிருந்தால் தாங்கும். உப்பு அரித்து வைத்த இடத்தில்தான் காற்று முறிக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை இந்த வேலையைச் செய்கிறேன். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் மே மாத நடுவில் ஒன்று, துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) வலுக்கும் முன் அக்டோபர் தொடக்கத்தில் இன்னொன்று.

1. மாஸ்ட்டை இறக்குங்கள்

ஏறி வேலை செய்ய வேண்டாம். புதிதாக நடுகிறவர்கள் அடியில் கீல் வைத்து, சாய்க்கிற மாதிரியே நடுங்கள். பைப்பை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே ஒயர் மூன்றுக்குப் பதில் நான்கு போட்டால், கீலுக்கு நேராக இருக்கும் இரண்டு பக்க ஒயர்களும் சாய்க்கும்போது பைப்பைத் தள்ளாடாமல் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கக் கயிற்றைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மூன்று பேர் வேண்டும். பைப் எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பி எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், இதில் மட்டும் சமரசமே கிடையாது. காற்றடிக்கும் நாளில் கை வைக்காதீர்கள்.

2. நல்ல தண்ணீரில் கழுவுங்கள்

பக்கத்து வீட்டு மாமா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். நான் துருவைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “மக்கா, எஞ்சினுக்கு ஊத்துற மாதிரி இதுக்கும் நல்ல தண்ணி ஊத்து. உப்பு காயக் கூடாது” என்றார். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி, பல் தேய்க்கும் பிரஷ். இன்சுலேட்டரின் பள்ளங்களில் படிந்த உப்புக்குத்தான் பிரஷ். அந்த உப்பு ஈரமானால் மின்சாரத்தைக் கடத்தும், சிக்னல் அந்த வழியே கசியும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் (மேல்காற்று) உப்புச் சாரலை வாரி இறைக்கும்போது, எட்டும் உயரத்தில் இருக்கிற கிளாம்ப், ஒயரை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்களுக்கு மட்டும் இடையிடையே தண்ணீர் ஊற்றுகிறேன்.

3. போல்ட்டுகள்

துருப்பிடித்த ஜி.ஐ. போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும். 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 ரகம். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு முறுக்குங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் கழற்ற வராது. பைப்பில் துத்தநாகப் பூச்சு போன இடத்தைத் தேய்த்து, ஜிங்க் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

அப்புறம், அலுமினியத்தோடு செம்புக் கம்பியை நேராகச் சேர்த்து முறுக்கவே கூடாது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு பேட்டரிதான். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ஒரு ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்து, மேலே தண்ணீர் புகாமல் மூடுங்கள்.

4. கனெக்டர்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். முதல் வருஷம் நான் கனெக்டர் மேல் வெறும் பி.வி.சி. டேப்பைச் சுற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்டோபரில் கழற்றியபோது அந்த பி.எல். 259 ரகக் கனெக்டருக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. கேபிளை ஓரடி வெட்டினேன், பின்னல் கம்பி கறுப்பு. இன்னும் ஓரடி வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தப் பின்னல் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. ஏழெட்டு அடி தாண்டித்தான் செம்பின் நிறம் தெரிந்தது.

இப்போது செய்வது இப்படி. கனெக்டரை ஈரமில்லாமல் துடைத்து முறுக்கியபின், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து நீட்டியபடியே சுற்றுவேன். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வதும் இப்படித்தானே, மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படியும், தண்ணீர் வழிந்து போகும். அதன் மேல் வெயிலுக்காக ஒரு சுற்று பி.வி.சி. டேப். சிலிக்கான் பூசுகிறவர்கள் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாசம் அடித்தால் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் அதைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுங்கள். மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

5. கேபிளைச் சோதியுங்கள்

அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து எண் காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், எண் குறைந்தால் நல்லது என்பார்கள். அது போன வருஷம் 1.8, இந்த வருஷம் 1.3 என்று காட்டினால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். கெட்டுப்போன கேபிள் போகிற பவரையும் விழுங்கும், திரும்பி வருகிற பவரையும் விழுங்கும். மீட்டருக்குத் திரும்பி வருவது குறைவதால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும்.

ஆன்டெனா முனையைக் கழற்றித் திறந்தே விட்டுவிட்டு, வீட்டு முனையில் ஆன்டெனா அனலைசர் என்கிற சோதனைக் கருவியை வைத்து 7 மெகா ஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். பாருங்கள். டிரான்ஸ்மிட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கெட்டுவிடும். 25 மீட்டர் நல்ல கேபிள் என்றால் எண் 8-க்குக் குறையாது, ஆர்.ஜி. 213 என்கிற தடித்த கேபிள் என்றால் இன்னும் மேலே போகும். 3 காட்டினால் உங்கள் பவரில் பாதி கேபிளிலேயே சூடாகப் போகிறது. அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள்.

6. கயிறும் ஸ்டே ஒயரும்

நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நாராக உதிரும், வெயிலைத் தாங்கும் கறுப்பு பாலியெஸ்டர் கயிறு போடுங்கள். ஸ்டே ஒயரின் நுனியை மடக்கிப் பிடிக்கும் யூ கிளிப்பின் அகலமான அடிப்பாகம் பாரம் தாங்கும் ஒயர் மேலும், யூ வளைவு மடக்கிவிட்ட குட்டை நுனி மேலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் ஒயரே நசுங்கும்.

டைபோலின் நுனியைத் தென்னையில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தென்னை ஆடும், கம்பி அறும். மரத்தில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய 5 லிட்டர் கேனைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. கேன் தொங்குகிற இடத்துக்குக் கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. புயல் எச்சரிக்கை வந்தால்

காற்று தொடங்கும் முன்பே மாஸ்ட்டைச் சாய்த்துத் தரையோடு கட்டிவிடுங்கள். இடி கேட்கும் முன்பே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். இடி தொடங்கிவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். நான் இரண்டு 49 சென்டிமீட்டர் செம்புக் கம்பிகளை ஒரு சிறிய பலகையில் திருகி, 5 மீட்டர் கேபிளோடு சேர்த்து 2 மீட்டர் பேண்டுக்கு ஒரு டைபோல் செய்து, 145 மெகா ஹெர்ட்ஸில் அளவு பார்த்து, அரிசிப் பானைக்கு மேலே பரணில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு மூங்கில் கழியும் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கின்றன. காற்று அடங்கியதும் கழியில் கட்டி முற்றத்தில் நிமிர்த்தப் பத்து நிமிஷம் போதும்.