ஜுண்டா ஆட்டத்தில் நாற்காலிக்கு அலையாதீர்கள்

1978-இல் வெளிவந்த ‘ஜுண்டா’ பலகை விளையாட்டு நடக்கும் நாட்டின் பெயர் ரிபப்ளிகா டி லாஸ் பனானாஸ், அதாவது வாழைப்பழக் குடியரசு. ஊழலில் ஊறிய குட்டி நாடுகளைக் கேலியாக அப்படித்தான் அழைப்பார்கள், பெயரிலேயே கிண்டல் தொடங்கிவிடுகிறது. ஆளுக்கொரு அதிகாரக் குடும்பம். வெளிநாட்டு நிதியுதவியைச் சுருட்டி ஸ்விஸ் வங்கிக் கணக்கில் யார் அதிகம் சேர்க்கிறாரோ அவருக்கே வெற்றி. மக்களுக்கு நல்லது செய்தால் புள்ளி கிடையாது.

இதை மறந்து அதிபர் பதவிக்கு முட்டிமோதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அதிபர் நாற்காலி சம்பாதிக்க ஒரு வழி, அவ்வளவே. ஸ்விஸ் கணக்கு காலியாக இருந்தால் கடைசிவரை அதிபராக இருந்தவரும் தோற்றவர்தான்.

பதவி கிடைத்தவர்கள் சறுக்குவது பட்ஜெட்டில். அதிபர் ஒவ்வொரு சுற்றிலும் நிதியுதவியாக எட்டு நோட்டுகள் எடுத்து, தளபதி, அமைச்சர் பதவிகளில் இருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பிரித்து பட்ஜெட் போடுவார், அது ஓட்டில் தேற வேண்டும். ஒவ்வொன்றும் 1, 2 அல்லது 3 மில்லியன். மொத்தம் 8 மில்லியனா 24 மில்லியனா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். “இந்தத் தடவை உதவி ரொம்பக் குறைவுப்பா” என்று எல்லாச் சுற்றிலும் புலம்பினால் யாரும் நம்பமாட்டார்கள். நிறைய வந்த ஒரு சுற்றில் தாராளமாகக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த பொய் எடுபடும். எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதும் வீண். பட்ஜெட் தேறத் தேவையான ஓட்டுகளுக்கும், படை வைத்திருக்கும் தளபதிகளுக்கும், உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சருக்கும் கொடுத்தால் போதும். ஆள் வைத்துக் கொல்லும் வசதி அந்த அமைச்சரிடம் இருக்கிறது. அவரைப் பட்டினி போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அடுத்தது, பணம் வந்ததும் நேரே வங்கிக்கு ஓடுவது. வீடு, காதலி வீடு, இரவு விடுதி, தலைமையகம், வங்கி ஆகிய ஐந்தில் எங்கே போகிறோம் என்று ரகசியமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொல்ல நினைப்பவர் அந்த இடத்தைச் சரியாக ஊகிக்க வேண்டும். பெரிய பங்கு வாங்கியவர் வங்கியில்தான் இருப்பார் என்பது மேஜையில் எல்லோருக்கும் தெரியும். செத்தால் குடும்பத்தில் இன்னொருவர் வந்து ஆட்டத்தைத் தொடர்வார், ஸ்விஸ் கணக்கும் அப்படியே இருக்கும். கையிலிருந்த ரொக்கம்தான் போய்விடும். அதனால் சாவுக்குப் பயப்படாதீர்கள், பணத்தோடு சாவதற்குப் பயப்படுங்கள். ஓரிரு சுற்று இரவு விடுதியில் கழித்தால் குறி வைப்பவர் குழம்புவார்.

ஆட்சிக் கவிழ்ப்பு தொடங்கியதும் சிலர் ஆவேசமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். என்ன அவசரம்? பலகையிலுள்ள ஐந்து அதிகார மையங்களில் பெரும்பான்மை யார் கைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு ஜெயிக்கும் பக்கம் சேரலாம். தோற்றவர்களில் ஒருவரைத் துப்பாக்கிகளின் முன் நிறுத்தும் உரிமை ஜெயித்தவர்களுக்கு உண்டு.

நோட்டுக்கட்டு மெலிவதைக் கவனிக்காமல் இருப்பவர்களும் உண்டு. அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. அப்போது கையில் மிஞ்சிய ரொக்கம் கணக்கில் வராது.

கடைசியாக, இதைச் சீக்கிரம் கோபித்துக்கொள்பவர்களோடு ஆடாதீர்கள். ஆட்டம் சில மணி நேரம் ஓடும், கொடுத்த வாக்கு எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது.